வகுப்பறையில் வாசிக்கப்படும் பட்டியலும் தேர்வு அச்சமும்

பொதுத்தேர்வுக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்கள் மனநல ஆலோசனைகளால் நிறைகின்றன. நன்றாக உறங்குங்கள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள், பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். இவற்றில் எதுவும் தவறன்று. ஆனால் படிக்கத் தனி அறையும், கட்டணத்தைக் குறித்த நாளில் செலுத்தும் பெற்றோரும், சாதியைச் சொல்லி எவரையும் எழுப்பி நிறுத்தாத வகுப்பறையும் வாய்த்த ஒரு மாணவரை மனத்தில் கொண்டே இவை எழுதப்படுகின்றன. தலித் மாணவரின் தேர்வு அச்சத்தை அவருடைய மனத்துக்குள் மட்டுமே தேடும் பார்வையை நாம் ஏற்க இயலாது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உலக வங்கிக்காக கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப்பிரதேசக் கிராமப்புறச் சிறுவர்களிடையே நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகள் தரப்பட்டன. தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் பணம். சாதி வெளிப்படுத்தப்படாத குழுக்களில், ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வேறு குழுக்களில், புதிரைத் தருவதற்கு முன் ஒவ்வொருவரின் பெயரோடு சாதியும் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. திறமையில் வேறுபாடு இல்லை. அறிவிப்பு மட்டுமே புதிது.

நம் வகுப்பறைகளில் இந்த அறிவிப்பு ஓர் அன்றாட நிகழ்வு. ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க’ என்ற குரலைக் கேட்காமல் பள்ளிப் படிப்பை முடித்த தலித் மாணவர் நம் வாசகர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? உதவித்தொகைக்குப் பெயர் சேகரிக்கும் அலுவலக வேலை என்று ஆசிரியர் கருதலாம். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது அலுவலக வேலை அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவரின் சாதி விவரம் கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும், வகுப்பில் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக்கூடாது என அது பரிந்துரைத்தது. அக்குழுவைச் சாதி வன்முறை பற்றியது என்று மட்டுமே நாம் வாசித்துவிட்டோம். தேர்வு அச்சம் பற்றிப் பேசுவோரும் அதை வாசிக்க வேண்டும்.

கல்லூரிகளில் அச்சத்தின் பெயர் ஹால் டிக்கெட். பட்டியலின மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு, 2021இல் வந்த புதிய நெறிமுறைகளின்படி மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. பணம் தாமதமாகும்போது கல்லூரி அரசைக் கேட்பதில்லை, மாணவரைக் கேட்கிறது. ‘கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட்’ என்ற மிரட்டல் பருவத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பாக வருகிறது. பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நாட்களில் அம்மாணவர் அலுவலக வாசலில் நிற்கிறார், அல்லது கடனுக்கு அலைகிறார். எங்களிடம் வரும் மாணவர்களில் பலர், ‘படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை’ என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். கட்டணச் சிக்கல் பிறகுதான் வெளிவருகிறது.

பொதுச்சமூகம் இதைத் துணிவின்மை என்று பெயரிட்டுக் கடந்துவிடுகிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர்; நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றவர். 2017 செப்டம்பர் 1 அன்று நாம் இழந்த அம்மாணவியைத் தேர்வுக்கு அஞ்சியவர் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. விதிகளை இடையில் மாற்றியவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் அது வழிசெய்கிறது.

சட்டம் இப்போது ஓரளவு நம் பக்கம் நகர்ந்துள்ளது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான சுகதேவ் சாஹா வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வழங்கியது. சட்டம் இயற்றப்படும்வரை அவை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம், தகுதிபெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். தேர்வுக் காலத்தில் சிறு குழுக்களுக்கெனத் தனி வழிகாட்டி வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பதும் பலர் முன் அவமதிப்பதும் கூடாது. பட்டியலின, பழங்குடியின மாணவரைப் பாகுபாடின்றி அணுகுவதற்கு ஆசிரியர்களும் பணியாளர்களும் பயிற்சி பெற வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார் என்று கேட்டு ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். அரசுக் கல்லூரியாயின் நேரடியாகவே கேட்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டியலை உரக்க வாசிப்பது மட்டுமே அச்சட்டப்படி குற்றமாகிவிடாது. சாதிப் பெயரைச் சொல்லி வகுப்பின் முன் இழிவுபடுத்தினால் நிலைமை வேறு. அன்றைய தேதி, சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

மூச்சுப் பயிற்சியை நாங்கள் கைவிடச் சொல்லவில்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் அச்சங்களை எழுதித் தீர்த்த மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக, 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ராமிரஸ், பைலாக் ஆய்வு காட்டியது. செலவில்லாத வழி, சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாறியுள்ள நல விடுதிகளில் இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் மணி பார்த்து எழுதுவதும் பயன் தரும். அறிமுகமான சூழலில் கை நடுங்குவது குறையும். விடுதியின் மூத்த மாணவர்கள் மேற்பார்வையாளர்களாக இருந்தால் போதும். உறக்கமின்றி, உண்ணாமல், வாழவே பிடிக்கவில்லை என்று பேசும் நண்பரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணும் 104 என்ற மாநில உதவி எண்ணும் கட்டணமற்றவை. அவர் பேசத் தயங்கினால் நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டால் முதலில் முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். உதவித்தொகை விண்ணப்ப எண்ணையும் சாதி, வருமானச் சான்றுகளையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்தில் 226ஆம் உறுப்பின்கீழ் அவசர மனு தாக்கல் செய்து இடைக்கால உத்தரவு கோர முடியும். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு அழைத்தால் எந்த வழக்கறிஞராலும் அதிகம் செய்ய இயலாது. மிரட்டல் வந்த அன்றே அழையுங்கள்.