குற்றவாளி கார்புரேட்டர் அல்ல!

ஜெட் ஸ்கீ என்பது தண்ணீரில் ஓடும் மோட்டார் பைக். சினிமாவில் வில்லன் தப்பித்து ஓட ஏறுவானே, அதே வண்டிதான். புதுசு வாங்க வசதியில்லாத அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் 1990-களில் வந்த பழைய சீ-டூ வண்டிகளை மலிவாக வாங்கி, கோடை வந்ததும் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். வண்டி கரையை விட்டு ஜோராகக் கிளம்பும். ஐந்து நிமிடம் பறக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தினால் இருமும், மூச்சு வாங்கும். அப்புறம் நடு ஏரியில் நின்றுவிடும்!

உடனே நாலு பேர் கூடி ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள். "கார்புரேட்டர் போச்சு, ட்யூன் பண்ணு." ஒருவர் ஸ்க்ரூடிரைவரைத் தூக்குவார். அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். வண்டியும் கொஞ்சம் தேறின மாதிரி ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் இஞ்சின் செத்துப்போகும்.

பழைய இஞ்சின்களில் பலவற்றைக் கொல்வது வயது அல்ல, இந்த ஸ்க்ரூடிரைவர் வைத்தியம்தான்.

ஏன் என்று புரிய, பெட்ரோல் போகும் வழியைப் பார்க்க வேண்டும். சாதாரண பைக்கில் டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கி வரும். இந்த வண்டியில் அந்தச் சௌகரியம் கிடையாது. டாங்கின் மேல்பக்கத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் வேலையைச் செய்வது மிகுனி கார்புரேட்டரோடு சேர்ந்தே வரும் ஒரு சின்ன பம்ப். அதற்கு மின்சாரம் கிடையாது. இஞ்சினின் கிராங்க் அறையில் ஏறி இறங்கும் அழுத்தம்தான் அதன் டயாப்ரத்தை ஆட்டுகிறது. டாங்க், ஆன்-ஆஃப்-ரிசர்வ் வால்வு, ஃபில்டர், பம்ப், கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னச் சல்லடை... இத்தனை வாசல் தாண்டித்தான் பெட்ரோல் பிஸ்டனுக்குப் போகிறது. எந்த வாசல் அடைத்தாலும் பழி விழுவது கடைசி வாசல்காரன் மேல்!

அந்தக் காலத்து சீ-டூ வண்டிகளில் 'டெம்போ' என்று அச்சடித்த சாம்பல் நிறக் குழாய்கள் வந்தன. வெளியே பார்த்தால் குறை தெரியாது. உள்ளே சுவர் சிதைந்து, பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கசடு இறங்கும். அது நேராகப் போய் அந்தச் சின்னச் சல்லடையில் உட்கார்ந்துகொள்ளும். மெதுவாகப் போகும்போது கிடைக்கிற பெட்ரோல் போதும். முழு வேகத்தில்தான் பற்றாக்குறை. அப்போது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. பிஸ்டன் தலை கொதித்து விரிந்து, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

ரோட்டாக்ஸ் 787 இஞ்சினில் சங்கதி இன்னும் மோசம். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஒன்றின் சல்லடை மட்டும் அடைத்தால் இன்னொரு சிலிண்டர் வண்டியை இழுத்துக்கொண்டே போகும். ஓட்டுகிறவருக்கு "கொஞ்சம் பவர் கம்மி" என்றுதான் தோன்றும். உள்ளே ஒரு பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

இப்போது ஸ்க்ரூடிரைவர் என்ன செய்கிறது? அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, வாசலை மட்டும் அகலமாக்குகிறது. அறிகுறி மறையும், நோய் வளரும். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு "குணமாகிவிட்டது" என்பது போல.

"குழாயில் சொட்டு லீக் கூட இல்லையே" என்பது அடுத்த வாதம். உறிஞ்சும் குழாயில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகலாம். சொட்டும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றைப் பிடிக்க அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

டாங்குக்குக் காற்று விடும் ஒருவழி வால்வும் அப்படித்தான். அது ஒட்டிக்கொண்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி திணறும்போது டாங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், இஞ்சின் பிழைத்தால் குற்றவாளி அங்கேயே பிடிபட்டான். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் புது கார்புரேட்டர் வாங்கியவர்கள் எத்தனையோ!

இன்னொரு கட்சி எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுக்கும் என்பது நிஜம். அளவு மிஞ்சினால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும் என்பதும் நிஜம். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்தே ஆக வேண்டும். ஆனால் பாட்டிலில் விற்கும் எந்த மருந்தும் சிதைந்த ரப்பரைத் திரும்ப ஒட்டவைக்காது.

"இதைத் தூக்கிப்போட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு" என்கிறவர்கள் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக், எரியாத பெட்ரோலைத் தண்ணீரில் விடும். அதனால்தான் லேக் டாஹோவில் 1999-லேயே அவற்றைத் தடை செய்தார்கள். அந்த நியாயத்தைச் சொல்லி விலக்குவது வேறு, "ரிப்பேரே ஆகாது" என்று பொய் சொல்லிப் புதுசு விற்பது வேறு.

ரிப்பேருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சாம்பல் குழாய் அத்தனையையும், ஒன்று விடாமல், எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்ற வேண்டும். வால்வையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்புரேட்டரைப் பிரித்து, சல்லடையைக் கழுவி, டயாப்ரம் மாற்ற வேண்டும். திருகு? சர்வீஸ் புத்தகம் சொல்கிற சுற்றில் வைத்துவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். கிளப்பும் முன் சீட்டைத் திறந்து, பெட்ரோல் வாசனை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மூடிய படகுக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கார்புரேட்டரை முதலில் கழுவிவிட்டுப் பழைய குழாயையே மாட்டினால்? அடுத்த கோடையில் அதே பச்சைக் கசடு, அதே நடு ஏரி. அதே நாலு பேர் கரையில் நின்று சொல்வார்கள், "கார்புரேட்டர் போச்சு!"