சிறை வறுமைக்கு அல்ல, வஞ்சகத்திற்கே!

கடனைத் திருப்பித் தராவிட்டால் சிறைதான் என்ற மிரட்டலுக்கு அஞ்சி, வீட்டுப் பெண்களின் நகையை விற்றவர்களும், ஒரு கடனை அடைக்க வட்டிக்கு வாங்கி ஹராமில் சிக்கியவர்களும் நம் மஹல்லாக்களில் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் அறியாமையால் வருவது.

கடன் கொடுத்தவருக்குச் சாதகமாக நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கிவிட்டாலும், கடனாளியைச் சிறைக்கு அனுப்ப நீதிபதிக்கு வரம்பற்ற அதிகாரம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவின்படி, கடனாளியின் விளக்கத்தைக் கேட்க வாய்ப்பளித்து, காரணங்களை எழுத்தில் பதிவு செய்த பின்னரே அவ்வாறு ஆணையிட முடியும். அவர் தப்பியோட முனைகிறாரா, சொத்தை மறைத்தாரா, வசதியிருந்தும் தர மறுக்கிறாரா என்பவையே முக்கியக் கேள்விகள்.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சின் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இப்பிரிவை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒளியில் விளக்கினார். கொடுக்கவில்லை என்பது மட்டும் போதாது. கொடுக்காததில் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். மேலும், பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்ய 56ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆண்களுக்கும் சிறைவாசம் 3 மாதங்களைத் தாண்டக் கூடாது. ஆனால், காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் சார்ந்தது. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், தள்ளுபடி செய்வது அதனினும் சிறந்தது என்றும் திருமறை (2:280) போதிக்கிறது. அதே வேளையில், வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

ஆகவே, இச்சட்டப் பாதுகாப்பை ஏய்ப்பவர்கள் கேடயமாக்கிக் கொள்ளக் கூடாது. சிறைக்குச் சென்று திரும்பினாலும் சட்டத்தின் முன் கடன் தீர்ந்துவிடாது. மறுமையிலும் அது நம்மைத் தொடரும். கடன் கொடுத்தவரும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தையே நம்பிக் கொடுத்தார் என்பதை மறக்கலாகாது.

ஜமாஅத் நிர்வாகிகள் இருவரையும் அமர வைத்து, உண்மை நிலையை விசாரித்து, தவணை வகுத்துத் தரலாம். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனில் மூழ்கியோரும் உள்ளனர் என்பதை நினைவிற் கொள்வோம். இல்லாதவருக்கு அவகாசம், இருப்பவருக்குப் பொறுப்பு: இதுவே நீதி.