அவர் வளரவில்லை என்று யார் சொன்னது?

நீண்ட பதிவு. கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

இருபது வயதில் நேசித்த ஒன்றை ஐம்பத்தைந்து வயதிலும் நேசிக்கிறவரை "இன்னும் வளராதவர்" என்று சொல்லலாமா? 1983ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய கதையை நேற்று நடந்ததுபோல் சொல்லும் எத்தனை பேரை நமக்குத் தெரியும்! அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. இத்தனைக்கும் அவர்கள் ஆடியவர்கள் இல்லை, ரேடியோவில் கேட்டவர்கள். தானே களத்தில் நின்று வியர்வை சிந்தியவர் அதை மறக்காமல் இருந்தால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், என் மகன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் ஒரு பிளம்பர். இளவயதில் மூன்று கோடைகாலம் ஒரு டிரம் கோரில் ஸ்னேர் டிரம் வாசித்தவர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இறுதிப்போட்டி பார்க்க இண்டியானாபொலிஸ் போகிறார். அதற்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு, தன் பழைய குழுவின் சமையல் லாரியில் வெங்காயம் நறுக்குகிறார். இவரைத்தான் நம் தமிழ் நண்பர்கள் ஒரு விருந்தில் "வளராத ஆள்" என்றார்கள். டிரம் கோரில் சேர ஆசைப்படும் தன் பதினேழு வயது மகளைக் காட்டி ஒரு தகப்பனார், "இவளும் இப்படி ஆகணுமா? இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், டிரம் கோர் என்றால் என்ன? என்.சி.சி.யின் கடைசி 'சி' குறிக்கும் அதே 'கோர்' தான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் சங்கங்கள் ஊர் ஊராக வளர்த்த டிரம், பியூகிள் குழுக்களில் இதன் வேர் இருக்கிறது. 1972ல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் என்ற கலிஃபோர்னியாக் குழு வென்றது. பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், கொடி சுழற்றும் கலர் கார்டு, இவ்வளவுதான். கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. பெரிய குழுவில் நூற்றைம்பது பேர் அளவுக்கு இருப்பார்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதும் நகர்ந்துகொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும். அதற்காக மே மாதத்திலிருந்து பயிற்சி. பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, மாலையில் போட்டி, இரவில் பஸ், விடிந்தால் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பள்ளி ஜிம்மின் தரையில் தூக்கம். சம்பளம் கிடையாது, பரிசுப்பணம் கிடையாது. பிள்ளைகள்தான் பணம் கட்டுகிறார்கள். 22 வயதானால் வெளியே வந்துவிட வேண்டும். எல்லா வயதினருக்கும் தனிப் பிரிவு உண்டு, ஆனால் கோடை முழுக்க நாடு சுற்றும் இந்த இளையோர் பிரிவுக்கு மறுபடி நுழைய வழியில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். பின்கோட்டில் அடித்த தாளம் முன்கோட்டுக்கு வந்து சேர 0.14 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 அடி என்ற வேகத்தில் ஒரு அடிக்கு 0.33 விநாடிதான். அதாவது, முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரே நொடியில் வாசித்தால், பார்வையாளர் காதில் கிட்டத்தட்ட அரை அடி பிசகி விழும். அதனால் பின்னால் இருக்கும் டிரம்காரர்கள் தங்களுக்கு முன்னாலிருந்து வரும் ஓசையை நம்பாமல், நடத்துநரின் கையைப் பார்த்து அடிக்கிறார்கள். முன்னால் இருப்பவர்கள் கையை விட்டுவிட்டு, பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு வாசிக்கிறார்கள். எப்போது கண்ணை நம்புவது, எப்போது காதை நம்புவது, எப்போது பின்னால் நிற்பவனை நம்புவது என்று பத்தொன்பது வயதுப் பிள்ளை உடம்பால் கற்றுக்கொள்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கற்றுத்தர முடியாது.

இன்னொன்று. மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி உண்டு. எந்தத் தாளத்தில் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடியில் நிற்க வேண்டும் என்று குறித்து வைத்திருப்பார்கள். ஒருவருக்குக் கால் சுளுக்கினால், அந்தப் புள்ளி காலியாக இருப்பது மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். நம் வகுப்பறையில் அறுபது பேரில் ஒருவன் வராவிட்டால் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். "நீ இல்லாவிட்டால் இது முழுமையில்லை" என்று ஒரு இளைஞனிடம் நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? அப்படிச் சொன்ன இடத்தை அவன் முப்பது வருடம் மறக்காமல் இருந்தால், குறை அவனிடமா?

பிரயோஜனம் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கல்வியின் பயனை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் ஒன்றே ஒன்று. மதிப்பெண் தேவைப்படாத காலத்திலும் ஒருவன் தானாகப் போய் எதைத் தொடுகிறான் என்பது. வேலை கிடைத்த அன்றே மூடி வைத்த புத்தகங்களை நாம் படிப்பு என்கிறோம். முப்பது வருடம் கழித்து லீவு போட்டு வெங்காயம் நறுக்க வைப்பதை விளையாட்டு என்கிறோம். பெயர்களை மாற்றி வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலைக்கு தசமப் புள்ளியில் மதிப்பெண்ணா என்கிறார்கள். 2008 இறுதிப்போட்டியில் ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. அபத்தம்தான். ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசும் பழைய ஆட்கள் புள்ளியைச் சொல்லித் தொடங்கினாலும், நிகழ்ச்சியைச் சொல்லித்தான் முடிக்கிறார்கள். மதிப்பெண் அவர்களை அந்த உழைப்புக்கு இழுத்து வந்த கயிறு. நம் பிள்ளைகளுக்கோ கயிறு மட்டும்தான் மிஞ்சுகிறது.

செலவு அதிகம் என்கிறார்கள். உண்மை. ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கான டாலர். பிளம்பர் வீட்டுப் பிள்ளை இன்று அதே இடத்தில் சேர முடியுமா என்பது நியாயமான கேள்வி. பெரிய குழுக்களே தடுமாறுகின்றன. சான்டா கிளாரா வேன்கார்ட் பண நெருக்கடியால் 2023 சீசனில் களமிறங்கவில்லை, 2024ல்தான் திரும்பியது. ஆனால் இது உதவித்தொகை கேட்பதற்கான வாதம். கேலி செய்வதற்கான வாதமல்ல.

மூன்றாவதுதான் கனமானது. 1934ல் தொடங்கி, டி.சி.ஐ. பட்டத்தைப் பத்து முறை வென்ற குழு 'தி கேடட்ஸ்'. 2018ல் அதன் தலைவர்மீது பல பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் சொன்னார்கள். அவர் பதவி விலகினார். பழைய வன்முறை தொடர்பான வழக்கும் பணச் சுமையும் சேர்ந்து, 2024ல் அந்தக் குழு மூடப்பட்டது. கூட்டு ஒழுக்கம், தலைமைக்குக் கீழ்ப்படிதல், வெளியில் பேசாமை ஆகியவை ஒன்று சேரும் எந்த இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. பள்ளிக்கூடமும் விதிவிலக்கல்ல.

இங்கே பழைய மாணவர்களிடம் நான் கடுமையாகவே பேசுவேன். "எங்கள் காலத்தில் ஜி சுருதி பியூகிள் இருந்தது, மைக் கிடையாது, இப்போது எல்லாம் கெட்டுவிட்டது" என்று புலம்புவது அன்பல்ல. 2004ல் ஒலிபெருக்கி வந்ததற்கு நீங்கள் காட்டிய கோபத்தில் பாதியை, பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறும் பெரியவர் யார், அவர் பின்னணியை யார் விசாரித்தார்கள், பிள்ளை புகார் சொல்ல யாரிடம் போகும் என்று கேட்பதில் காட்டியிருக்க வேண்டும். குழுவின் பெயரைக் காப்பாற்ற வாய்மூடியிருப்பது விசுவாசம் இல்லை. அங்கே படித்தவனுக்குத்தான் அங்கே கேள்வி கேட்கும் உரிமை அதிகம், கடமையும் அதிகம். சமையல் லாரியில் நிற்பவரை நான் மதிப்பதற்கு இதுவும் காரணம். மாடியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறவருக்கு ஸ்கோர் மட்டுமே தெரியும். பிள்ளைகளுக்கு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு போடுகிறவருக்கு எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் தெரியும்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. விசாரியுங்கள், கணக்குப் போடுங்கள், பாதுகாப்பைப் பற்றி நூறு கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் "ரெஸ்யூமேயில் போட முடியாது" என்பதற்காக மறுக்காதீர்கள். இன்டர்ன்ஷிப் அடுத்த வருடமும் கிடைக்கும், கம்ப்யூட்டர் கோர்ஸ் நாற்பது வயதிலும் படிக்கலாம். இந்தக் கதவு மட்டும் 22 வயதில் மூடிவிடும். பிறகு எவ்வளவு சம்பாதித்தாலும் மாடியில்தான் டிக்கெட் வாங்க முடியும், மைதானத்தில் ஒரு புள்ளியை வாங்க முடியாது.