ஆம்ப்ளிபையர் பாஸ்வேர்டை ஏன் எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது?

ஆடித் திருவிழா நெருங்குது. உபயம் எடுத்த சில குடும்பங்களுக்கு ஒலிபெருக்கியைப் பார்த்துக்கற எங்க மேல வருத்தம்னு கேள்விப்பட்டோம். "புது ஆம்ப்ளிபையர் வாங்கியாச்சு. அப்புறம் ஏன் சத்தத்தைக் கூட்ட விடாம லேப்டாப்புல பூட்டி வெச்சிருக்கீங்க? நாங்களும் காசு கட்டித்தானே உபயம் செய்றோம்?" நியாயமான கேள்வி. பதிலை எல்லாருக்கும் பொதுவா இங்கேயே சொல்லிடறோம்.

முதல்ல, நாங்க எல்லாத்தையும் பூட்டலை. குருக்கள் மைக், நாதஸ்வரம், தேவாரம் பாடறவங்க மைக் எல்லாத்தையும் மிக்சர்ல வழக்கம்போல ஏத்தி இறக்கலாம். சாப்ட்வேர்ல பூட்டியிருக்கறது உச்ச அளவை மட்டும். அதுக்குப் பேர் லிமிட்டர். தினப் பூஜைக்கு ஒரு அளவு, வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு, உபயத்துக்கு ஒண்ணு, இரத ஊர்வலம் புறப்படற நாளுக்குக் கொஞ்சம் அதிகமா ஒண்ணு.

இன்னும் கூட்டினா என்ன ஆகும்? காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா கேட்கணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்கு ஆம்ப்ளிபையர் 10 மடங்கு சக்தி கொடுக்கணும். 100 வாட் போற இடத்துல 1,000 வாட். அவ்வளவு சக்திக்கு எங்கே போறது? முடியாதப்ப ஒலி அலையோட தலை வெட்டுப்படும். சத்தம் கரகரக்கும், மந்திரத்துல ஒரு சொல்லும் புரியாது, கடைசியில ட்வீட்டர் எரியும். அந்த ட்வீட்டர் வாங்கற காசும் பக்தர்கள் உண்டியல்ல போட்ட காசுதான்.

எங்கள்ல பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க. நம்ம நாட்டுல 2019-ல வந்த இரைச்சல் விதிமுறைப்படி ஒரு தொழிலாளிக்கு 8 மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும். 88-ன்னா 4 மணி நேரம்தான். வேலையில காதை மூட நமக்குக் கருவி கொடுக்கறாங்க. ஸ்பீக்கர் பக்கத்துல அம்மா மடியில தூங்கற குழந்தைக்கு யார் கொடுப்பா?

இன்னொண்ணு. "சத்தம் பத்தலை"ன்னு வர்ற புகார்ல முக்கால்வாசி முன்னாடி இருக்கறவங்களோடது இல்லை. அன்னதான மண்டபத்துல, வாசல்ல உட்கார்ந்திருக்கற பெரியவங்களோடது. அதுக்காக மொத்தமா கூட்டினா முன்னாடி இருக்கறவங்களுக்குக் காது வலிக்கும், பின்னாடி எதிரொலிதான் போகும். சாப்ட்வேர் இருக்கறதால வாசல் ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் ஏத்தலாம். ஒலி 34 மீட்டர் போக ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு வினாடி ஆகும். அந்தத் தாமதத்தையும் அதுலயே சரிபண்ணிட்டா குரல் இரட்டையா கேட்காது.

அதனால எங்க கருத்து இதுதான்: பூட்டு மட்டும் போதாது, கண்காணிப்பும் வேணும். திருவிழா நாள்ல ஒரு தொண்டர் வேற வேலை எதுவும் எடுத்துக்காம திரையைப் பார்க்கணும். ஒவ்வொரு லைன்லயும் எவ்வளவு போகுது, ஆம்ப்ளிபையர் சூடேறுதா, எந்த ஸ்பீக்கர் லைன் அறுந்திருக்கு எல்லாம் அதுல தெரியும். அறுந்த லைனைக் கவனிக்காம சத்தத்தைக் கூட்டறது, ஓட்டைக் குடத்துக்கு இன்னும் தண்ணி ஊத்தற கதை.

பாஸ்வேர்டு எங்க சொத்து இல்லை. அவசரத்துக்கு உறையில போட்டுத் தலைவர்கிட்டயும் செயலாளர்கிட்டயும் ஒண்ணு ஒண்ணு இருக்கணும்னு நிர்வாகத்துக்குச் சொல்லியிருக்கோம். ஆனா அதிக உபயம் கட்டினவங்களுக்கு அதிக சத்தம்னு ஒரு வழக்கம் வர வேண்டாம். அம்மனுக்குக் காது நல்லாவே கேட்கும். தாமான்ல தூங்கற நோயாளியும், மறுநாள் காலையில வேலைக்குப் போறவரும் நம்ம அண்டை வீட்டுக்காரங்கதான்.

உபயதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூஜைக்கு அரை மணி நேரம் முன்னாடி வாங்க. மண்டபத்துல எந்த மூலையில கேட்கலைன்னு நடந்து பார்த்துச் சொல்லுங்க. அந்த மூலையை நாங்க சரிபண்ணித் தர்றோம். கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க இருந்தா அனுப்பி வைங்க, சொல்லிக் கொடுக்கறோம்.

ஓம் சக்தி.