கடைசி வண்டிக்காகக் காத்திருப்போம்

மோட்டார் சைக்கிள் என்றதும் பெற்றோர் மனத்தில் எழுவது அச்சமே. காதைப் பிளக்கும் ஓசையும் பந்தய வேகமும் மருத்துவமனை வாசலும் அவர்கள் கண்முன் வருகின்றன. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆயினும் குறை வண்டியிலே இல்லை, வேகத்திலேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. காலையில் தோழமையோடு புறப்பட்டு, ஆங்காங்கே நின்று உண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்பும் நிதானமான பயணம் போற்றத்தக்க ஒரு பொழுதுபோக்காகும்.

நமக்குப் பழக்கமான திருநெல்வேலி – குற்றாலம் சாலையையே எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 60 கிலோமீட்டர். நிற்காமல் சென்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால்தான் பயணம் இனிக்கும். ஆலங்குளத்தில் சூடான தேநீர். பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை. ஆனி, ஆடியில் தென்காசியை நெருங்கும்போது முகத்தில் விழும் சாரல். செங்கோட்டை அருகே பிரானூரில் 'பார்டர்' புரோட்டா. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய எல்லை இன்று ஒரு உணவின் பெயரில் வாழ்கிறது! நின்று சாப்பிடுகிறவர்களுக்கே இந்த வரலாறு கிடைக்கும்.

கூட்டமாகச் செல்வோர் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு. அனுபவமுள்ளவர் ஒருவர் முன்னே, இன்னொருவர் கடைசியில், புதியவர்கள் நடுவில். வண்டிகளுக்கிடையே போதிய இடைவெளி இருக்கும். மெதுவாக ஓட்டுபவரின் வேகமே அனைவரின் வேகம். திருப்பம் வந்தால் கடைசி வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பார்கள். நம் வகுப்பறைகளிலும் இப்படி யாராவது காத்திருந்தால், பின்தங்கும் தோழியர் எத்தனை பேர் தைரியம் பெறுவார்கள்!

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோம். 40-இல் செல்லும் வண்டிக்கும் 80-இல் செல்லும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு அதுவே. மேலும், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் பருவக்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வயிறு நிறைய உண்டபின் உறக்கமும் வரும். ஆகவே சாப்பாட்டுக்குப்பின் சற்று இளைப்பாறுவது நலம். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். தாவணியோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காதபடி இறுகக் கட்டிக்கொள்வது நம் பொறுப்பு.

இனி, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் அண்ணனுக்கு வண்டி, தங்கைக்குப் பின் இருக்கை என்பது வழக்கமாகிவிட்டது. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டச் சட்டம் கூறும் வயது 18. அதற்கு முன் சாவி கேட்பது நமக்கு அழகன்று. சிறுவர் ஓட்டினால் பெற்றோரையே தண்டிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. ஆனால், வயது நிரம்பி, முறையாகப் பழகி, உரிமமும் பெற்ற மகள் அனுமதி கேட்கும்போது, பெண் என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். யாரோடு போகிறாள், எங்கே நிற்பாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேளுங்கள். அதே கேள்விகளை அண்ணனிடமும் கேளுங்கள்.

தோழியரே, நமக்கும் அந்த நாள் வரும். அன்று யாரையும் முந்த வேண்டாம். கடைசி வண்டியும் வந்து சேர்ந்தபிறகே இலையில் அமர்வோம்.