தேடுவோர் கண்ணில் பட...

வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கவென இணையத்தளமொன்றை அமைத்திருக்கிறீர்களா? "கூகுளில் முதலிடம் பிடித்துத் தருகிறேன்" என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அவ்விடத்திற்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாதென்று கூகுளே எச்சரிக்கிறது. தளத்தின் பின்புறக் குறிப்பில் தேடற்சொற்களை அடுக்குவதும் வீண்வேலை. அக்குறிப்பைத் தாம் கணக்கிலெடுப்பதில்லையென 2009இலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தால் சொற்களை ஒளித்து வைத்தாலோ, பட்டியலிலிருந்தே தூக்கிவிடக்கூடும்!

கூகுளோடு நின்றுவிடவும் வேண்டாம். பிங்கிலும் இலவசமாகப் பதியுங்கள். யாஹூவும் டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கின் முடிவுகளையே காட்டுகின்றன. பக்கத் தலைப்பில் வெறுமனே "அபாயா" என்றிராமல் துணிவகை, அளவு, ஊர்ப்பெயரையும் சேருங்கள். விலையைப் படத்தினுள் மட்டும் பொறித்துவிட்டு இருந்துவிடுகிறோமே, அதைப் படத்தின் கீழே எழுத்திலும் போடுங்கள்.