கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு

சென்ற வாரம் ஃப்ரீமான்ட்டில் ஒரு நண்பரின் இல்லத்துக்குப் போயிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் அவருடைய புதல்வன், பிரசித்தி பெற்ற தொடர் ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாத்திரங்களெல்லாம் ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்களைப் போலப் படபடத்துக்கொண்டிருக்க, "முடிவு தெரிஞ்சா போதும் அங்கிள், டைம் மிச்சம்" என்று எனக்குச் சமாதானமும் சொன்னான். அன்று பிடித்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

இந்தப் புது வழக்கத்தை விஸ்தாரமாகக் கண்டிப்பதென்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால், இப்பத்தியின் பழைய வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பதைப் போல, பையன் சொன்ன அந்த வாக்கியம் என்னைத் தொலைக்காட்சித் துப்பறிவாளர் லெப்டினன்ட் கொலம்போவிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியுமா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் சிருஷ்டித்து, 1971 முதல் என்.பி.சி.யில் தொடராக வந்த 'கொலம்போ' நாடகத்தில், கொலையையும் கொலையாளியையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கசங்கிய மழைக்கோட்டும், சுருட்டும், ஓட்டைப் பெஜோ காரும், நாம் ஒருநாளும் கண்ணால் காணாத மனைவியைப் பற்றிய ஓயாத பேச்சுமாகக் கொலம்போ வேஷத்தில் பீட்டர் ஃபாக் வந்து சேரும்போது, நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. சங்கீத நடத்துனர், அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று கொலையாளிகளெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய மனிதர்கள். இந்த அசட்டு மனிதனால் என்ன ஆகிவிடும் என்ற அலட்சியம் அவர்களுக்கு. விடைபெற்று வாசல்வரை போனவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறாரே, அப்போது அந்த அலட்சியம் கலைந்து கலக்கம் படரும் ஒரு கணத்தின் மௌனத்தில்தான் நாடகத்தின் ஸ்வாரஸ்யம் முழுவதும் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் முதலில் பறிபோவது அந்த மௌனமே. வேறு தொடர்களோடு முறை வைத்து ஒளிபரப்பியதால், எழுபதுகளில் எந்தப் பருவத்திலும் எட்டுக் கதைகளுக்கு மேல் வரவில்லை.

இதில் அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களுக்கு அலாதியான ருசி ஒன்றும் உண்டு. உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று முடிவுகட்டிவிடும் கனவான்களோடு அலுவலகக் கூட்டங்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒருவனுக்கு, கொலம்போ வாசலில் திரும்பி நிற்கும்போது ஏற்படும் ஆனந்தத்தை விவரிக்க வேண்டியதில்லை.

முடிவு தெரிந்த கதையை ரசிப்பது நமக்கென்ன புதிதா? 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியபோது, சீதை மீட்கப்படுவாளா என்ற சந்தேகத்தில் எவரும் உட்காரவில்லை; ஹிந்தியில் ஓர் அக்ஷரம் அறியாத பாட்டிமார்கள்கூட ஞாயிறுதோறும் அதைப் பக்திசிரத்தையுடன் பார்த்தார்கள். என்ன நடக்கும் என்ற ஆவல் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். எப்படி நடக்கிறது என்ற ரஸம் தீர்வதில்லை.

கொலம்போவை அறியாதவர்கள், 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1971 செப்டம்பரில் ஒளிபரப்பான 'மர்டர் பை தி புக்' என்ற கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். கொலையாளி யாரென்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுவதாகப் பேர்பண்ணும் இருவரில், எழுதத் தெரியாதவர்.